டைம்அவுட்டைக் கூட்டி வைத்த பிறகு

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆபீஸிலிருந்து போன். எங்கள் சர்வர் பதிலே தருவதில்லை என்று புனேயில் இருக்கும் வாடிக்கையாளர் கம்பெனியின் புகாராம்.

பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கம்பெனிப் பெண்ணைப் போனில் பிடித்தேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவர் அனுப்பும் தகவல் எங்கள் சர்வருக்கு வருகிறது, எங்கள் பதிலும் போகிறது. அது போய்ச் சேருவதற்குள் அவர்கள் மென்பொருள் காத்திருப்பதை விட்டுவிடுகிறது.

காத்திருக்கும் நேரத்தை, அந்த டைம்அவுட்டை, கூட்டச் சொன்னேன். கூட்டினார். பதில் கிடைத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு கண்டக்டர், "திருமங்கலம், கல்லுப்பட்டி, ராஜபாளையம்" என்று கத்தினார்.

போனில் அந்தப் பெண் சட்டென்று தமிழில் கேட்டார்.

"அண்ணே, மாட்டுத்தாவணியிலயா இருக்கீக?"

"ஆமாம்மா. நீங்க?"

"கல்லுப்பட்டிண்ணே. ஊருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு."

"பஸ் வந்துருச்சும்மா, வச்சிரவா?"

"வைக்காதீகண்ணே. இன்னொரு டெஸ்ட் பாத்துருவோம்."

அனுப்பினார். பதில் போனது. மறுபடியும் அனுப்பினார். சரியாகிவிட்டதை எதற்குச் சோதிக்கிறார் என்று நான் கேட்கவில்லை. போனை, இன்னும் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்த கண்டக்டர் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டாச்சு. புகாரை முடித்ததில் ஏற்பட்ட தாமதத்துக்குக் காரணம் என்று ஆபீஸ் ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.