கழுவிக் கொடுத்த கத்தி

எங்கள் வீட்டைச் சோதனை போட வந்த போலீஸ்காரர்களுக்கு அம்மா காபி கொடுத்தாள் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. கொடுத்தாள். டம்ளர்களைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு போனவளே நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம்.

அவர்கள் வந்தது மீன்காரம்மாவின் மகன் விஷயமாக. மீன்காரம்மா கோவளத்துப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருவாள். வாடிக்கை வீடுகள் எங்கள் தெருவில்தான் அதிகம். அதனால் மீன் வெட்டும் கத்தியைத் தினமும் சுமக்காமல் எங்கள் கொல்லையில், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் செருகிவிட்டுப் போவாள். அவளுக்கு முடியாத நாட்களில் மகன் சைக்கிளில் வருவான். பதினெட்டு வயசு இருக்கும். தகப்பன் இல்லாத பிள்ளை என்று அம்மா அவனுக்கு இட்லி வைப்பாள். என் தட்டில் விழுவதைவிட அவன் தட்டில் ஒன்று கூடவே விழும். எனக்கு அதில் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் தெருக்கோடி வரை கூட்டிப்போவான் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மீன் வியாபாரி குத்துப்பட்டுச் செத்துக் கிடந்தார். முந்தின நாள் அவர் மீன்காரம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசியதையும், மகன் போய் அவர் சட்டையைப் பிடித்ததையும் மார்க்கெட்டே வேடிக்கை பார்த்திருந்தது. பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக அந்தக் கத்தியை எங்கள் கொல்லையில் வைத்துவிட்டுப் போனதும் அவன்தான். அதில் மனுஷ ரத்தம் இருந்தால் தூக்குதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அடுத்த நாளே எங்கள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் இங்கிலீஷ் படித்தவர். சோதனை போட வந்தவர், ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வாரண்டை இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் மாதிரி அதை நிதானமாகப் படித்தார். படித்து முடிக்கும்வரை சப்-இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. ஆனால் சோதனையை உடனே தொடங்க முடியாதாம். தெருவில் மரியாதைப்பட்ட இரண்டு பேர் சாட்சிக்கு நிற்க வேண்டுமாம். அவர்களைக் கூப்பிட ஏட்டு போனார். அந்த இடைவெளியில்தான் அம்மா காபி கலந்தாள்.

"மெதுவாக் கொண்டு போ. சர்க்கரை போதுமான்னு ஒவ்வொருத்தரையும் கேளு" என்றாள்.

கேட்டேன். ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டேன். கொல்லைக் கதவைக் காவல் காக்க வேண்டிய கான்ஸ்டபிளும் காபி வாசனைக்கு முன்பக்கம் வந்துவிட்டார்.

சாட்சிகள் வந்தார்கள். ஏட்டு கல்லுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து கத்தியைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்து நீட்டினாள்.

"இன்னாம்மா இது, கண்ணாடி கணக்கா கீது?" என்றார் ஏட்டு.

"மீன் நாத்தம் அடிச்சுதுங்க. அப்படியே எப்படிக் குடுக்கறது? சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சேன்."

சப்-இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு மூளை இருக்கா?" என்று அப்பா கத்தினார். அப்பா அம்மாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். பளபளத்த கத்தியை வெள்ளைத் துணியில் சுற்றி, எங்கள் வீட்டு மெழுகுவர்த்தியையே வாங்கி அரக்கை உருக்கி முத்திரை வைத்து, கைப்பற்றியதை எழுதிய மகஜரில் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு செங்கல்பட்டுக் கோர்ட்டில் அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். அந்நிய ஆண்களிடம் நிமிர்ந்து பேசாத அம்மா, கடவுள் அறிய உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தாள். வேண்டுமென்றே தடயத்தை அழித்தீர்களா என்று சர்க்கார் வக்கீல் மடக்கினார்.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? எங்க வீட்ல இருந்து எதுவும் அழுக்கா வெளிய போகாது. அவ்வளவுதான்."

கோர்ட்டே சிரித்ததாம். பையனுக்கு எதிராக அந்தக் கத்தியை விட்டால் வேறு பெரிதாக எதுவும் இல்லை. அவன் விடுதலையானான்.

அதோடு அம்மா பிரபலமானாள். சர்ச் வாசலில் பெண்கள், "எங்க வீட்டுப் பாத்திரத்தையும் கொஞ்சம் அனுப்பட்டுமா?" என்று கேட்பார்கள். அப்பா வருகிற விருந்தாளிக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். மீன்காரம்மா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அன்னிக்கி இன்னா நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் எங்கிட்ட சொல்லாத. இன்னிக்கு என்ன மீன்?" என்று அம்மா பேச்சை வெட்டிவிட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அப்பாவும் போன பிறகு ஒரு நாள் அம்மா தானாகவே சொன்னாள்: "அது மீன் ரத்தமா, மனுஷ ரத்தமான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாதுடி. தெரிஞ்சுக்கப் பயந்துதான் கழுவினேன். ஆண்டவர் பேரைச் சொல்லிட்டுப் பொய் சொன்னேன்." எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது.

அந்தக் காலத்தில், கோர்ட்டுக்குப் போய்வந்த பிறகு வெகுநாள் அம்மா சர்ச்சில் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. மனசு உறுத்துகிறவர்கள் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றாள். சின்னப் பிள்ளைகளுக்குத் திருவிருந்து கிடையாது. எல்லோரும் பீடத்துக்குப் போக, நான் மட்டும் எப்போதும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களில் மட்டும் பக்கத்தில் அம்மாவும் இருந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருப்பாள். எனக்குத் துணைக்காகத்தான் இருக்கிறாள் என்று நினைத்து, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.