ஆரோக்கியம் தானே எழுதிய தேர்வு

போன வாரம் சிவாஜிநகர் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் போன் ஏதோ ஒரு செய்தியைச் சத்தமாக வாசித்துவிட்டது. அவள் வெட்கப்பட்டு அணைத்தாள். எனக்கோ சூடேறிய ஸ்கேனரும் பழைய புத்தகத் தாளும் கலந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. பஸ்ஸுக்குள் ஸ்கேனர் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பிரேசர் டவுன் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் நான் உதவியாளர். மர்பி டவுனிலிருந்து நடந்தே போய்விடுவேன். அங்கே பொருளாதாரம் படித்த மாணவன் ஆரோக்கியத்துக்குக் கண் தெரியாது. ஜீவனஹள்ளியிலிருந்து தனியாகத்தான் வருவான். சாப்பாட்டு வேளையில் அவனுக்குப் பாடப்புத்தகம் வாசித்துக் காட்டுவேன். என் ஆங்கிலம் தடுக்கி விழும் இடங்களில் மரியாதையாக இருமுவான்.

பிறகு நூலகத்துக்கு, எழுத்தைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் வந்தது. நான் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ய, அது மூக்கடைத்த குரலில் வாசித்தது. நம் ஊர்ப் பெயர்களைக் கடித்துக் குதறியது.

“அக்கா, இதுக்கு நீங்களே பரவால்ல,” என்றான். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தேர்வில் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதுதான் வழக்கம். ஒருமுறை மதிப்பெண் சரிந்தது. திருத்தித் தந்த விடைத்தாளை நான் வாசித்துக் காட்டியதும் அவன் முகம் மாறிவிட்டது.

“நான் சொன்னது வேற, இதுல இருக்கறது வேறக்கா. அடுத்த வாட்டி அந்தக் கம்ப்யூட்டர்ல நானே டைப் பண்றேன். அடிக்கறத அது படிச்சுச் சொல்லும்ல.”

இருவரும் முதல்வரிடம் போனோம். “கம்ப்யூட்டர்ல பாத்து எழுத மாட்டான்னு என்ன கேரண்டி?” என்றார்.

“நெட் ஒயரப் புடுங்கிடுங்க சார். உள்ள ஒரு பாடமும் இல்லாத மெஷினா நானே ரெடி பண்றேன்.” புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டேதான் சொன்னேன்.

“நோடம்மா, நடுவுல ஏதாவது ஆச்சுன்னா மறுபடி எக்ஸாம் கிடையாது,” என்று கன்னடம் கலந்து சொல்லி ஒப்புக்கொண்டார்.

தேர்வு பாதியில் கரண்ட் போனது. திரை இருண்டது. யுபிஎஸ் பெயருக்கு ஒருமுறை கீங் என்று கத்திவிட்டு அடங்கியது. நான் அவன் மேசைக்கு ஓடினேன்.

“ஆரோக்கியம், கரண்ட்டுப்பா...”

“ஃபேன் நின்னப்பவே தெரியும்க்கா. பாராவுக்குப் பாரா சேவ் பண்ணிட்டுதான் வர்றேன். பதறாதீங்க.”

கரண்ட் திரும்பி வந்தபோது கடைசி வாக்கியம் தவிர எல்லாம் இருந்தது. பிரிண்டர் கீச்சிட்டுக்கொண்டு தாளைத் தள்ள, அவன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

“இது என் கையெழுத்துக்கா.”

அதில் பிழைகளும் இருந்தன. ஆனால் எல்லாம் அவனுடைய பிழைகள். நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான்.

அந்தத் தேர்வுக்குப் பிறகு அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தானே படிக்க ஆரம்பித்தான். எங்கள் மதிய வாசிப்பு அத்தோடு நின்றது. எதிரே உட்கார்ந்து நான் பேசாமல் சாப்பிட்டேன். அவனுக்கு என் குரல் தேவைப்படாமல் போன அந்த மதியங்களைத்தான், என் வேலையில் நான் செய்த பெரிய காரியமாக இன்றும் நினைக்கிறேன்.