மாப்பிள்ளை தலைக்கு மேல் சைக்கிள்

எங்கள் வீட்டில் ஒரே கூடம், நான்கு சைக்கிள். அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், மாமா நால்வரும் ஆலை வேலைக்குப் போகிறவர்கள், ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். தெருவில் விட்டால் மறுநாள் மணி இருக்காது, மறுவாரம் சைக்கிளே இருக்காது. ஆகவே சக்கரங்களுக்கு நடுவே காலை நுழைத்துத்தான் நாங்கள் தூங்கினோம்.

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், வருகிறவர்களை எங்கே உட்கார வைப்பது என்று அப்பாவுக்குக் கவலை. அதை நான் தீர்த்து வைத்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. கடலுக்குள் நீளும் கடற்கரைப் பாலத்தில் படகுக்காரர்கள் மூட்டை ஏற்றுவதைப் பார்த்துப் பார்த்து, கயிறு சம்பந்தமாக எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு. உத்திரத்தில் நான்கு கப்பிகளை மாட்டி, சைக்கிள்களைக் கயிறு கட்டி மேலே ஏற்றி, மறுமுனைகளை அடுப்படி வாசலை ஒட்டிய சன்னல் கம்பியில் கட்டினேன். படகுக்காரர் முடிச்சு! பாரம் இழுக்க இழுக்க இறுகும். தொங்கும் நுனியைச் சுண்டினால் மட்டுமே அவிழும். அப்படி அவிழ்ந்தாலும் சைக்கிள் தரைக்கு வராமல் நடுவிலேயே நிற்க, கப்பியில் சிக்கும்படி கயிற்றின் பாதியில் இன்னொரு முடிச்சு. அதை ஏழெட்டுத் தடவை சோதித்தோம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஒரு சாண் எறக்குடா, தல இடிக்கல" என்று அளவு சொன்னது அக்காதான். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெட்கம் என்றார்கள்.

மாப்பிள்ளை தன் தமக்கையோடு வந்தார். சர்க்கார் உத்தியோகம், வெள்ளைக் கோட்டு, இரண்டாம் தாரம். அப்பாவைவிட நரை அதிகம். அண்ணாந்து பார்த்து, "யாரு யோசன இது?" என்றார். அப்பா பெருமையோடு என் தலையில் கை வைத்தார். அக்கா கத்தோ, அதாவது கேக், வைத்த தட்டை நீட்டிவிட்டு, முறைப்படி அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

சரேலென்று ஒரு சத்தம். சின்னச் சித்தப்பாவின் சைக்கிள் மாப்பிள்ளையின் தலையை நோக்கிப் பாய்ந்து, ஒரு விரற்கடை மேலே டக்கென்று நின்றது. முன்சக்கரம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றியது. மாப்பிள்ளை கடித்த கத்தோ அவர் வாயிலேயே இருந்தது. பிறகு சங்கிலியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய், கோட்டின் மேல்.

"மரியே! கொலகாரப் பசங்க வூடு!" என்று அலறினாள் அவருடைய தமக்கை. அவர்கள் படியிறங்கியபோதும் அந்தச் சக்கரம் நிற்கவில்லை.

"முடிச்சு போடத் தெரியாத நாயே!" என்று அப்பா விளாசினார். அடிகூடப் பெரிதில்லை, என் முடிச்சு என்னைக் கைவிட்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் முழுதும் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டினேன், உலுக்கினேன், நானே அதில் தொங்கியும் பார்த்தேன். ஒருமுறைகூட அவிழவில்லை.

"பாருக்கா, இது எப்பிடி தானா அவுரும்?" என்று உரக்கக் கேட்டேன்.

அக்கா அப்பா இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மிச்சமிருந்த கத்தோவை முழுசாக என் வாயில் திணித்தாள். அது தின்று முடிவதற்குள் எனக்குக் கேள்வி மறந்துவிட்டது.