கண்ணை மூடச் சொன்னார்கள்

என் கணவர் பண்ணைக்காடு சாலையில் ஜீப் உருண்டு இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நான் அறை துப்புரவு செய்யும் கொடைக்கானல் விடுதியில், தியானம் ஊழியர்களின் மனநலத்துக்கு உதவுகிறதா என்று ஆய்வு செய்ய ஒரு பயிற்சி வைத்தார்கள்.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார் பயிற்சியாளர். மூடியதும் பள்ளத்தில் கிடந்த என் கணவரின் உடம்புதான் தெரிந்தது. பதறித் திறந்துவிட்டேன்.

“எல்லாருக்கும் பலன் கிடைக்குது. நீங்கதான் மனசு வைக்க மாட்டேங்கறீங்க,” என்றார்.

எனக்குக் கொதித்தது. “கண்ணை மூடுனா எம் புருசன் செத்துக் கெடக்குறாருங்க. எனக்கு இது ஒத்துக்கலைன்னும் உங்க ஆய்வுல எழுதுங்க!” என்று கத்தினேன்.

சமையலறையில் வேலை பார்க்கும் மல்லிகா என்னை வெளியே கூட்டிவந்தாள். “இன்னும் நல்லாத் திட்டியிருக்கணும்க்கா,” என்றாள்.

கணவர் போன பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன். ஆனால் அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.