ஆடிக்குப் போன மருமகளைக் கடல் தாண்டி அழைத்து வந்தவர்

பிரதோஷத்தில் என்னோடு நின்று கும்பிடும் அடியார்களே, என் மருமகளை ஆடிக்கு அனுப்பி வைத்தோம். தை பிறந்த பிறகும் அவளால் திரும்பி வர முடியவில்லை. அந்த நாட்களைத்தான் எழுதுகிறேன். அழுதுகொண்டு அல்ல, நிமிர்ந்து உட்கார்ந்து.

மருமகள் பெயர் லின். வியட்நாம் நாட்டுப் பெண். என் மகன் கதிர் மலேசியாவில் வேலை பார்த்தபோது பழக்கமானவள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைத் தூக்கி உட்கார வைக்க என் ஒருத்தியால் ஆகவில்லை. கதிர் வேலையை விட்டுவிட்டு அரியலூருக்கே வந்துவிட்டான். "நீ எங்கேயோ நானும் அங்கே" என்று லின்னும் சுற்றுலா விசாவில் வந்து சேர்ந்தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டி, கெடு முடிந்து, ஆனி மாதத்தில் கல்யாணம் முடிந்து பதிவும் ஆனது. இந்தியரை மணந்தவள் என்ற முறையில் இங்கேயே தங்கும் விசாவாக அதை மாற்றித் தரும்படி கதிர் ஆன்லைனில் விண்ணப்பித்தான். பதில் வருவதற்குள் ஆடி வந்துவிட்டது.

என் கணவரின் அண்ணன் வீடு தேடி வந்தார்.

"தலை ஆடி. பொண்ணு தாய்வூட்டுக்குப் போயே ஆகணும்."

"தாய்வூடு வியட்நாம்ல இருக்கு மாமா."

"அதுக்கென்ன? பஸ் போவலன்னா பிளேன் போவுதுல்ல?"

அரும்பாவூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் விடுகிறேன் என்று மன்றாடினேன்.

"சித்தி வூடு தாய்வூடாயிடுமா? ஏற்கெனவே என் தம்பி படுத்துக் கெடக்கான். இன்னும் என்னென்ன பாக்கணும்னு இருக்க நீ?"

அதற்கு மேல் யார் பேச முடியும்? கதிரிடம் கற்றுக்கொண்ட தமிழில் லின்தான் சமாதானம் சொன்னாள். "ஒரு மாசம்தான அத்தை. எங்கம்மாவப் பாத்துட்டு வந்துடுறேன்." பட்டுப்புடவை, பூ, பழத்தோடு திருச்சியில் விமானம் ஏற்றினோம்.

விண்ணப்பம் முடியும் முன் நாட்டை விட்டுப் போனால் அது அத்தோடு முடிந்துபோகும் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவள் போன பிறகுதான் தெரிந்தது. மறுபடி அங்கிருந்து, நம் தூதரகத்தில், முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். ஆடி முடிவதற்குள் லின் போனில் இன்னொன்றும் சொன்னாள். அவள் முழுகாமல் இருந்தாள்.

ஆவணி போனது. ஐப்பசி போனது. விசா வரவில்லை. கல்யாணமான கையோடு புருஷனை விட்டு ஏன் வந்தாய் என்று தூதரகத்திலிருந்து அவளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இது உண்மையான கல்யாணம்தானா என்ற சந்தேகம் அவர்களுக்கு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயிறு வளர்ந்துகொண்டே இருந்தது. மாதம் ஏறிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? மகனை அங்கே அனுப்பு என்றார்கள். இரண்டு பேரும் மலேசியாவுக்கே போகட்டும் என்றார்கள். போனால் என் கணவரை யார் தூக்குவது? "அத்துவுட்டுட்டு சொந்தத்துல ஒரு பொண்ணப் பாருங்க" என்று ஒருத்தி என் வீட்டிலேயே காபி குடித்துக்கொண்டு சொன்னாள். கதிர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். என் மகன் அழுததை அன்றுதான் கேட்டேன்.

மார்கழிப் பிரதோஷத்துக்குத் திருமழபாடி போனேன். கும்பிடப் போகவில்லை. சண்டைக்குப் போனேன். வைத்தியநாதர் சன்னதிக்கு நேரே நின்று வாய்விட்டே கேட்டேன். "பங்குனிதோறும் உன் நந்திக்கு ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ணி வைக்கிறாய். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொன்னதை நம்பித்தானே வந்து நின்றேன்? கல்யாணத்தைக் கொடுத்துவிட்டுப் பெண்ணை ஏன் மறித்து வைத்திருக்கிறாய்? வயிற்றுப்பிள்ளைக்காரி வேண்டும் எனக்கு. என் வீட்டுக்கு வேண்டும்."

பக்கத்தில் நின்ற அம்மா பதறிப்போனார். "என்னங்க, சாமிகிட்டயே சண்டைக்கு நிக்கிறீங்க?"

"வேற யாருகிட்டங்க போய் நிக்கிறது?" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தை மாதத்தில் வளைகாப்புக்கு நாள் குறித்தேன். விசா கையில் இல்லை. இருந்தும் எல்லாரையும் அழைத்தேன். கணவரின் அண்ணன் சிரித்தார்.

"பொண்ணு இல்லாம வளைகாப்பா? செல்போனுக்கு வளையல் மாட்டப் போறியா?"

"மாட்டுறேன் மாமா. நீங்க சாப்பிட வந்துடுங்க."

வாய் அப்படிச் சொன்னது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொங்கலை ஒட்டி லின்னைத் தூதரகத்துக்கு நேரில் அழைத்தார்கள். நடந்ததை அவளே போனில் சொன்னாள். வடநாட்டு அதிகாரி ஒருவர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். பயத்தில் இவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை. "ஆடி மாசம் சார். மாமியார் வூட்ல இருக்கக் கூடாது" என்று தமிழில் சொல்லிவிட்டாள். அவருக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். அந்த அம்மா தஞ்சாவூர்ப் பக்கம்.

"ஆடிக்கா வந்த? யாரும்மா அனுப்பி வெச்சது?"

"பெரிய மாமனார்."

"சீரெல்லாம் குடுத்தாங்களா?"

"புடவை, பூ, பழம். பழத்த ஏர்போர்ட்ல புடுங்கிக்கிட்டாங்க."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாராம். பிறகு அதிகாரியிடம் திரும்பி, புதுப்பெண்ணை ஆடியில் பிரித்து வைக்கும் வழக்கத்தை விளக்கியிருக்கிறார். பொய்க் கல்யாணம் பண்ணியவர்கள் விசாவை விட்டுவிட்டு ஆடியையா பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். வளைகாப்புக்கு முன்னால் விசாவும் வந்தது, லின்னும் வந்து சேர்ந்தாள்.

அந்த ஊரில், அந்த அலுவலகத்தில், அந்த நேரத்தில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தது தற்செயல் என்று சிலர் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். யார் கொடுத்தார் என்றும் தெரியும்.

வளைகாப்பன்று முதல் ஆளாக வந்து பந்தியில் உட்கார்ந்தவர் கணவரின் அண்ணன்தான். பங்குனியில் எதிர்பார்த்த பிரசவம் தள்ளிப்போய்ச் சித்திரையில் பேத்தி பிறந்தாள். அவர் முகம் சுருங்கியது. "சித்திரையில புள்ளையா?" என்று இழுத்தார்.

"ஆமாம் மாமா. ஆடிக்கு அனுப்பியும் சித்திரையிலதான் பொறந்திருக்கா. அது வைத்தியநாதர் போட்ட கணக்கு, நம்ம கணக்கு இல்ல."

என் கணவருக்கு இன்னும் வலது கை வரவில்லை. இடது கையால் பேத்தியின் காலைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். விசா இல்லாமலே இங்கே தங்கவிடும் ஓசிஐ அட்டையை லின்னுக்குக் கேட்க, கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆக வேண்டுமாம். அதுவரை விசாவை நீட்டிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் திருமழபாடிக்குப் போய் நிற்பேன். முன்பெல்லாம் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நடுங்குவேன். இப்போது அந்த நாலு பேருக்கும் நானே பதில் சொல்கிறேன்.

பிள்ளையைப் பிரிந்து, மருமகளைப் பிரிந்து, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உங்களில் எத்தனை பேரோ. வருகிற பிரதோஷத்துக்குத் திருமழபாடி வாருங்கள். லின் குழந்தையோடு நிற்பாள், பக்கத்தில் நான் நிற்பேன். நீங்களும் வந்து நில்லுங்கள். மெதுவாகக் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டியதைச் சத்தமாகவே கேளுங்கள்.