தாடித்துரையின் சாசனத்தில் இல்லாத வரி

இறந்தவர்கள் திரும்பி வருவதாயிருந்தால் முதலில் என்னிடம்தான் வந்திருக்க வேண்டும். ஹட்டனில் ஒரு வக்கீலிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்து, செத்தவர்களின் சொத்தையெல்லாம் தட்டச்சில் அடித்துப் பாகம் பிரித்துக் கொடுத்தவன் நான். எத்தனை பேருடைய பெயரைப் பிழையாக அடித்தேன் என்பது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். ஒருவரும் வந்து சட்டையைப் பிடித்ததில்லை. ஆகவே பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் வெற்றிலை போட எழுந்து போய்விடுகிற ரகம் நான். நீங்களும் இதைப் படித்துவிட்டு எழுந்து போகலாம், மனத்தாங்கல் இல்லை. ஒரு அரசாங்கமே நம்பாததை நீங்கள் மட்டும் நம்பி என்ன ஆகப்போகிறது?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிறர் சீட்டாடுகிற நேரத்தில் நான் பெரிய மனிதர்களின் மரண சாசனங்களைத் தேடிப் படிப்பேன். ஒரு பிரெஞ்சுச் சக்கரவர்த்தி தன் தலைமயிரைக் காப்பாகப் பின்னி வீட்டாருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறான். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி தன் அடிமைகளை விடுதலை செய்யச் சொல்லி எழுதினார், ஆனால் மனைவியின் காலத்துக்குப் பிறகு. அந்த அம்மாள் இருமும்போதெல்லாம் வீடு முழுக்க எவ்வளவு அக்கறையோடு காது கொடுத்திருக்கும் என்று நினைத்து நான் தனியே சிரித்ததுண்டு. ஒரே ஒருவனை மட்டும் அந்த ஜனாதிபதி பெயர் சொல்லி உடனே விடுவித்தாராம்.

எங்கள் பக்கத்துப் பெரிய மனிதர் தாடித்துரை. நிஜப் பெயரைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் லண்டனிலிருந்து கடிதம் போடுவார்கள். கோப்பிச் செடியெல்லாம் நோயில் மடிந்த காலத்தில் நோர்வூட் பக்கத்து மலைகளில் தேயிலை போட்டவர், பள்ளிப் புத்தகத்தில் படம்கூட இருக்கிறது. அவருடைய சாசனம் துரைமார் கிளப்பில் பிரசித்தம், காரணம் ஏழாவது பிரிவு. அதில் தன் நாயின் பெயர், அது இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தது என்ற விவரம், புதைத்த இடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, 'என் குதிரைக்காரனும் அவன் சந்ததியும்' அந்தக் கல்லறைக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தார். குதிரைக்காரனுக்குப் பெயர் இல்லை. நாய்க்கு இருந்தது. நான் இதை ஒரு சிரிப்புக் கட்டுரையாக எழுதிச் சஞ்சிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள், நாலு பேர் பாராட்டினார்கள். அந்த வெட்கக்கேட்டையும் இங்கேயே சொல்லி வைத்துவிடுகிறேன்.

சஞ்சிகை வந்த மாதமே முத்தையா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்.

"கிளாக்கரய்யா, நீங்க எழுதுனதுல எங்க தாத்தா வர்றாராமே. ஸ்கூல் மாஸ்டரு வாசிச்சுக் காட்டுனாரு. அந்த நாய்க்குச் சுண்ணாம்பு அடிக்கிறது நாந்தாங்க."

சிரிப்பதற்கு நான் வாயைத் திறந்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பிரஜாவுரிமை விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியும். சுதந்திரம் வந்த கையோடு, தேயிலை பறித்தவர்களையெல்லாம் பார்த்து, உன் தகப்பன் இங்கே பிறந்தானா, காட்டு அத்தாட்சியை என்று கேட்டது. காட்டாவிட்டால் அவருக்கும் நாலு பிள்ளைகளுக்கும் நாடு இல்லை, கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்கு ஒரு நாள் கப்பலேற்றுவார்கள் என்ற பயம் வேறு.

"அப்பாவுக்குப் பொறப்புச் சாட்டிதிக்கட் இல்லீங்க. அந்தக் காகிதத்துல தாத்தா இருக்காருன்னா, அப்பாவும் எங்கயாச்சும் இருப்பாரில்ல?"

சாசனத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்தோம். நான் மூன்று தடவை படித்தேன். அப்பா எங்கும் இல்லை. இருந்தாலும் தாத்தா இங்கே வேலை செய்தார் என்பதாவது தெரியட்டும் என்று எடுத்துக்கொண்டு போனோம்.

விசாரணை நடந்தது காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், மின்விசிறி சுற்றுகிற ஓர் அரசாங்க அறையில். பேய்க்கதைக்கு வேண்டிய எந்த வசதியும் அங்கே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில், எனக்கு நேர் எதிரே, சுருக்கெழுத்தாளர். இவர் கொட்டகலையில் பிறந்து வளர்ந்த சிங்களவர், தமிழ் எங்களைப்போலவே பேசுவார். எனக்கு அறையின் நடுவில் ஒரு நாற்காலி. முத்தையாவுக்கு நாற்காலி இல்லை. ஜன்னலோரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரிக்கு அரைகுறைத் தமிழ் உண்டு. "உன் தகப்பன் எங்கே பிறந்தான்?" என்றார்.

"இங்கதானுங்க. தோட்டத்துல."

"யார் சொன்னது?"

"அவருதாங்க சொன்னாரு."

"அவன் பிறந்ததை அவனே பார்த்தானா?"

நல்ல நகைச்சுவைதான், வேறிடத்தில் கேட்டிருந்தால் குறித்து வைத்திருப்பேன். அங்கே எனக்குக் காது சுட்டது. எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

பிறகு சாசனத்தை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு பிரிவாக இங்கிலீஷில் வாசித்து, முத்தையாவுக்காகத் தமிழிலும் சொல்லிக்கொண்டு போனேன். அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஏழாவது பிரிவை முடித்துப் பக்கத்தைப் புரட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன், பக்கத்தைப் புரட்டினேன். நிமிர்ந்தால் அதிகாரியின் பேனா நின்றுபோயிருந்தது.

"கடைசியாகச் சொன்னதைத் திரும்பச் சொல்லும்."

"சுண்ணாம்பு அடிப்பதையா?"

"அதற்குப் பிறகு. குதிரைக்காரன் மகன் லாடன், அந்த நாய் பிறந்த அதே கிழமை, அதே குதிரைக் கொட்டகையில் பிறந்தவன் என்று தமிழில் சொன்னீரே. இங்கிலீஷில் எங்கே இருக்கிறது?"

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தாளைப் பறித்தார். விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். இல்லை. எப்படி இருக்கும்? அதன் பிறகு நான் மோசடிக்காரன், மொழிபெயர்ப்பு என்ற பெயரில் சாட்சியம் சோடிக்கிறவன், இனி எந்த விசாரணைக்கும் வரக்கூடாதவன். மனு தள்ளுபடி. எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

வெளியே வந்ததும் முத்தையா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எங்கப்பாவுக்கு லாடன்னு ஒரு பேரு இருந்தது ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. தோட்டத்துப் பேர்ப்பதிவு செக்ரோல்ல கருப்பன்னுதானே இருக்கு?"

"தாத்தா மட்டுந்தாங்க அப்பிடிக் கூப்புடுவாரு. என் பொண்டாட்டிக்கே தெரியாது. அப்புறம், தப்பா நெனைக்காதீங்க, அந்தக் கொரலும் ஒங்க கொரல் இல்லீங்க."

நான் அவரை அதட்டினேன். வெயில், பசி, மனக்கஷ்டம் என்று என்னென்னவோ சொல்லி, இடது பக்கம் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, வலது பக்கம் என் அலுவலகத்துக்கு நடந்தேன். படித்தவன் அல்லவா, பயந்தால் அதட்டத் தெரியும்.

வருஷச் சுண்ணாம்பு அடிக்க வேண்டிய அந்த ஜனவரியில் முத்தையா நாய்க் கல்லறைப் பக்கமே போகவில்லை. தோட்டத்துக் கண்டாக்கு, அதாவது மேற்பார்க்கிற உத்தியோகத்தர், தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கே வந்து ஏன் என்று கேட்டாராம். "நான் இந்த நாட்டுக்காரன் இல்லையாமுங்க. இந்த நாட்டு நாய்க்கு இந்த நாட்டுக்காரனா பாத்து அடிக்கச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஒரு பேச்சுக்கு ஈடாக என் கட்டுரைகள் அனைத்தையும் அடுப்பில் போடலாம்.

முறையீடு செய்ய விசாரணைக் குறிப்பின் பிரதி வேண்டியிருந்தது. மூன்று மாதம் அலைந்து வாங்கினோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடப்பக்கத்தில் யார் சொன்னது என்று அடித்திருந்தார்கள். அதிகாரி, விண்ணப்பதாரர், குமாஸ்தா. ஏழாவது பிரிவுக்குக் கீழே, அந்த லாடன் வரிக்கு நேரே, 'விண்ணப்பதாரரின் தகப்பன்' என்றிருந்தது. பக்கத்தின் அடியில் அதிகாரியின் கையொப்பம், முத்திரை. படித்துப் பார்க்காமலே போட்டிருக்கிறார். கருப்பன் செத்து இருபது வருஷம் என்று அதே அதிகாரி முதல் பக்கத்தில் பதிந்திருக்கிறார்.

அதையே வைத்து முறையிட்டோம். தட்டச்சுப் பிழை என்று பதில் வந்தது.

கொட்டகலை ஸ்டேஷனில் அந்தச் சுருக்கெழுத்தாளரைப் பிடித்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் பிளேன்டீயை ஊதிக்கொண்டே பதில் சொன்னார்.

"பிழையா? நீங்க அப்ப வாயவே தொறக்கலியே. ஒங்க பின்னால நின்ன பெரியவருதானே சொன்னாரு."

"எந்தப் பெரியவரு?"

"கம்பளியப் போத்திக்கிட்டு நின்னாரே. மூக்கு அப்பிடியே மகன் மூக்கு. அதான் அப்பான்னு போட்டேன். உக்காரச் சொல்லிக் கண்ணக் காட்டுனேன், உக்காரல்ல. ஒங்க நாக்காலி முதுகப் புடிச்சுக்கிட்டே நின்னாரு."

"என்னை மோசடிக்காரன்னு சொன்னப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார். "நான் காதுல விழுறத எழுதுறவன்."

இப்போது இந்த நாட்டுப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் உட்கார்ந்து பேசி, எங்கள் ஆட்களை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டுவிட்டார்கள். நான் படித்த சாசனங்களில் ஆடுமாடுகளைத்தான் அப்படிப் பிரிப்பார்கள், அதற்கும் யாராவது செத்திருக்க வேண்டும். முத்தையாவின் குடும்பம் எந்தப் பங்கில் விழும் என்று தெரியவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அன்றைக்குக் கொட்டகலையில் அதற்குள் ரயில் வந்துவிட்டது. ஏறிய பிறகு, சும்மா ஒரு பேச்சுக்குத்தான், ஜன்னல் வழியாகச் சுருக்கெழுத்தாளரிடம் கேட்டேன், விசாரணை முடிந்ததும் அந்தப் பெரியவர் மகனோடு பஸ்ஸுக்குப் போனாரா என்று.

"இல்லியே" என்றார். "மகன் இந்தப் பக்கம் போனாரு. அவரு ஒங்க பின்னாலதான் வந்தாரு."