அண்ணி சுற்றிய இருபது பார்சல்கள்

ஒரு பெட்டியைப் பார்த்தாலே எவ்வளவு தாள் வேண்டும் என்று என் அண்ணி கண்ணால் அளந்துவிடுவார். பெரிய கடையொன்றில் பரிசுப் பொருட்களுக்கு வண்ணத்தாள் சுற்றிக் கொடுப்பது அவருடைய பதினாறு வருட வேலை. டிசம்பரில் ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி. உள்ளே என்ன என்று கேட்கமாட்டார். கேட்டு என்ன ஆகப்போகிறது, முக்கால்வாசி யாருக்கும் வேண்டாத சாமான்தான்.

எங்கள் சபைக்கும் அதே கைதான், கூலியில்லாமல். கிறிஸ்துமஸுக்கு இருபது பார்சல். பத்து, பழுப்புத் தாளில் ஏழைக் குடும்பங்களுக்கு; உள்ளே நாங்கள் அன்போடு கழித்துக்கட்டிய பழைய சாமான்கள். பத்து, அந்த அன்புக்கு நன்றியாகத் தங்கத் தாளில் கமிட்டிக்காரர்களுக்கு. உள்ளே காணிக்கைப் பணத்தில் வாங்கிய புத்தம்புதுக் கம்பளிப் போர்வைகள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. நான் கமிட்டிச் செயலாளர்.

அண்ணியின் கடையில் தரை துடைக்கும் பெண் சபையில் கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஐந்து வயது மகள், குளிர் வந்தால் மூச்சிரைப்பு. போன வருடம் அவளுடைய பார்சலில் மூடியில்லாத கெட்டிலும் ஒற்றைக் கையுறையும் இருந்தன. "பழுப்புத் தாளா இருந்தாலும் நீங்க கட்டினா அழகுக்கா. பாப்பா பிரிக்கவே விடலை" என்று அவள் அண்ணியிடம் சொன்னாளாம். அன்று அண்ணி சாப்பிடவில்லை.

இந்த வருடம் அந்தக் குழந்தை நவம்பருக்குள் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது. அண்ணி கமிட்டியிடம் வந்து, "அந்தப் பத்துப் போர்வையையும் ஏழைக் குடும்பங்களுக்கே குடுத்துடலாமே" என்றார்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமாம்மா? குடுக்கறதை வாங்கிக்கட்டும்" என்றார் தலைவர். நானும் தலையாட்டினேன்.

அண்ணி வாதாடவில்லை. "சரிங்கய்யா. பழுப்புத் தாள் மட்டும் வேண்டாம். எல்லாத்தையும் ஒரே மாதிரி தங்கத் தாள்ல சுத்திடறேன், தாள் என் செலவு" என்றார். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழைகளைப் பற்றி இப்படி யோசிக்க யாரால் முடியும் என்று நன்றித் தீர்மானமே போட்டார்.

பார்சலை வீட்டில்தான் பிரிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மனைவி, பிள்ளைகள் முன்னால் நான் பிரித்தேன். உள்ளே என்னுடைய ஸ்வெட்டர். ஜிப் ஓடாததால் நானே நன்கொடைக் குவியலில் போட்டது. காப்பிக் கறைகூட அப்படியே இருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? இது மனிதன் போடுகிற துணியா என்று கேட்க வேண்டுமானால், யாருக்கென்று கொடுத்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

ஞாயிறன்று தலைவர், "போர்வை எப்படி?" என்றார்.

"நல்ல கதகதப்புங்க."

"எனக்கும்தான்" என்றார். அவர் மனைவி பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடைசி பெஞ்சில் அந்தக் குழந்தை கழுத்துவரை புதுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. கமிட்டியில் யாரும் அந்தப் பக்கம் இரண்டாம் முறை திரும்பவில்லை.

எனக்குத்தான் அடங்கவில்லை. அண்ணியின் சமையலறைக்கே போனேன். "பேர்ச்சீட்டு மாறிப்போச்சு போல அண்ணி. எனக்கு வந்த ஸ்வெட்டர்ல ஜிப்பே ஓடலை."

"தெரியும் தம்பி. நீங்க குடுத்தப்பவே ஓடலை" என்று டீயை நீட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. டீயைக் குடித்தேன்.

அடுத்த டிசம்பரில் நன்கொடைக் குவியலைப் பார்க்க வேண்டுமே! மூடியோடு கெட்டில், ஜோடியாக ஷூ, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத சட்டைகள். எது யார் வீட்டுக்குத் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்? சபையில் இரக்கம் பெருகிவிட்டதென்று போதகர் ஆண்டவரைத் துதித்தார். தலைவர்தான் சத்தமாக ஆமென் சொன்னார்.

வந்தது இரக்கமா பயமா என்று ஆண்டவருக்குத் தெரியும். கடைசி பெஞ்சுக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தக் குளிர்காலம் முழுவதும் அது ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.